உன் தலையில் அடித்த சத்தியம்

செந்தில்,

அப்பா எழுதுகிறேன். இங்கே அனைவரும் நலம், அங்கே நீயும் மருமகளும் பேத்தியும் நலமா என்று தொடங்கத்தான் கை பழகியிருக்கிறது. இந்தத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் பாதிப் பேருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவன் நான். வீட்டில் என்ன இடி விழுந்திருந்தாலும் முதல் வரியில் நலம் என்று போட்டுவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவோம். இன்றைக்கு அப்படி எழுதினால் பொய்யாகிவிடும். உன் அம்மா நலமாக இல்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிற நானும் நலமாக இல்லை. இதைப் போனில் சொல்லலாமே என்பாய். போனில் பேசினால் இரண்டாவது பேச்சிலேயே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. அதோடு நம் வீடு இன்னும் நீ வளர்ந்த அதே ஓர் அறையும் அடுப்படியும்தான். நான் எந்த மூலையில் நின்று பேசினாலும் கட்டிலில் கிடக்கிறவளுக்குக் கேட்கும். அதனால் வாசல்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து உன் வாட்ஸப்பில் போடுவேன். தபாலில் போட்டுவிட்டுக் காத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை.

போன வாரம் நீ ஒரு கேள்வி கேட்டாய். "பீ மூத்திரம் அள்ள முடியலைன்னுதான் அம்மாவ எந்திரிக்கச் சொல்றீங்களாப்பா?" என்றாய். நான் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம்தான். ஆனால் அன்று முழுக்க யோசித்துப் பார்த்ததில் நீ கேட்டதிலும் ஒரு நியாயம் இருப்பதாகப் பட்டது. ஊரில் இல்லாதவனுக்கு அப்படித்தான் தோன்றும். இப்போது பதில் சொல்கிறேன், பொறுமையாகப் படி. அள்ளுகிறேன். துடைக்கிறேன். துணி மாற்றுகிறேன். அதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. கூச்சம் அவளுக்குத்தான். ஒவ்வொரு முறையும் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொள்கிறாள். என்னோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவள், என் முகத்தைப் பார்க்க முடியாமல் மூடிக்கொள்கிறாள். எத்தனை வருடமானாலும் அள்ளிப் போடுவேன் செந்தில், எனக்கு அது பெரிதில்லை. ஆனால் இப்படியே படுத்திருந்தால் அவள் வருடக் கணக்கில் இருக்க மாட்டாள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நடந்தது உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நான் அவளைக் கவனிக்காமல் விழவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவள் விழவே இல்லை. ரேஷன் வாங்கிக்கொண்டு ஏலப்பாறையிலிருந்து ஆளேற்றி வருகிற ட்ரிப் ஜீப்பில் வந்தோம். முன்னால் இடம் இல்லை, பின் பெஞ்சில் உட்கார்ந்தோம். மழை முடிந்து தோட்டத்து ரோடு எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டாம். ஒரு குழியில் ஜீப் இறங்கி ஏறியது. பெஞ்சில் இருந்த எல்லோரும் ஒரு தடவை மேலே போய்க் கீழே வந்தோம். மற்றவர்கள் டிரைவரைத் திட்டிவிட்டுச் சிரித்தார்கள். உன் அம்மா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, முதுகுல என்னமோ மளுக்குன்னுச்சு" என்றாள். குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. வீட்டுக்கு வந்து தைலம் தேய்த்தோம், ஒத்தடம் கொடுத்தோம். காலையில் திரும்பிப் படுக்கக்கூட முடியவில்லை. அதன் பிறகுதான் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

அங்கே இருந்தது சின்ன வயது மலையாள டாக்டரம்மா. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எங்கே விழுந்தது?" என்று கேட்டார். விழவில்லை, ஜீப் குலுங்கியது என்றேன். தலையாட்டிவிட்டு எனக்கும் காட்டினார். முதுகுத்தண்டில் அடுக்கி வைத்த மாதிரி இருக்கிற எலும்புகளில் ஒன்று முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி ஆகியிருந்தது. அதற்குக் கொஞ்சம் மேலே இன்னொன்றும் நசுங்கியிருந்தது. அது பழையது என்றார். எப்போது உடைந்தது என்று கேட்டால் உன் அம்மாவுக்கே தெரியவில்லை. ஏதோ ஒரு நாள் முதுகுவலி என்று ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு கொழுந்து எடுக்கப் போயிருப்பாள். நாம் எலும்புத் தேய்மானம் என்று சொல்வோமே, அது மூட்டு சம்பந்தப்பட்டது, இது வேறு என்று டாக்டரம்மா சொன்னார். ஆஸ்டியோபோரோசிஸ் என்று பெயர். எலும்பு வெளியே பார்க்க அப்படியே இருக்குமாம், உள்ளே கனம் குறைந்து கறையான் தின்ற பலகை மாதிரி ஆகிவிடுமாம். வலிக்காது, தெரியாது. உடைகிற அன்றைக்குத்தான் தெரியும்.

அவர் சொன்ன வைத்தியம் இதுதான். நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை, கால் மரத்துப் போகவில்லை, அதனால் ஆபரேஷன் வேண்டாம். வலி அடங்க சில நாள் ஓய்வு. பிறகு முதுகுக்கு பெல்ட் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும், நிற்க வேண்டும், வீட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டும். சுண்ணாம்புச் சத்து மாத்திரை தினமும். எலும்பு மேலும் குறையாமல் இருக்க வாரத்துக்கு ஒரு மாத்திரை. "அம்மச்சியைக் கட்டில்ல போடாதீங்க, கேட்டோ. நடக்கணும்" என்று கிளம்பும்போது மறுபடியும் சொன்னார். நான் தைரியமாகத்தான் வீட்டுக்கு வந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம்தான் நீ வீடியோ காலில் வந்தாய். படத்தைக் காட்டச் சொன்னாய். காட்டினேன். உன் முகம் வெளுத்துப் போனதை நானும் பார்த்தேன். உன்னோடு கம்பெனியில் வேலை பார்க்கிறவருடைய அப்பா முதுகெலும்பு உடைந்து, அதோடு எழுந்து நடந்து, இடுப்புக்குக் கீழே விளங்காமல் போய்விட்டார் என்று சொன்னாய். சொல்லும்போதே அழுதாய். பிறகு, "அம்மா, நான் வர்ற வரைக்கும் கட்டில விட்டு எந்திரிக்க மாட்டேன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு" என்றாய். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் போனில் உன் தலை தெரிந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து, "சத்தியம்யா" என்றுவிட்டாள். நீ அந்த வாரக் கடைசியில் வந்துவிடுவேன் என்றாய். பிறகு ஷிப்மெண்ட் என்றாய், லீவு இல்லை என்றாய், பேத்திக்குக் காய்ச்சல் என்றாய். உன்னைக் குறை சொல்லவில்லை, வயிற்றுப்பாடு என்ன என்று எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு ரோட்டில் மழைத் தண்ணீர் கிடந்தது, இப்போது காலையில் பனி கொட்டுகிறது. அவள் இன்னும் கட்டிலில்தான் கிடக்கிறாள்.

சத்தியம் என்றால் உன் அம்மாவுக்கு என்ன என்று உனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டாய். நீ கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு நாள் கொழுந்து எடை போடுகிற இடத்தில் தகராறு. பெண்கள் சாக்கில் கல்லைப் போட்டு எடையைக் கூட்டுகிறார்கள் என்று சூப்பர்வைசர் எல்லோரையும் நிறுத்திவிட்டான். பிள்ளை மேல் சத்தியம் செய்தால் விடுகிறேன் என்றான். ஒவ்வொருத்தியாகப் பிள்ளைகள் பேரைச் சொல்லிச் சத்தியம் செய்துவிட்டுப் போனார்கள். உன் அம்மா செய்யவில்லை. "எம் பிள்ள தலைய இதுக்கெல்லாம் இழுக்க மாட்டேன். வேணும்னா சாக்கக் கொட்டிப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு நின்றாள். சாக்கைக் கொட்டிப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. ஆனாலும் எதிர்த்துப் பேசினாள் என்று அன்றைய வேலையைக் கணக்கில் எழுதவில்லை. அப்படிப்பட்டவள் வாழ்க்கையிலேயே உன் தலையில் அடித்தது இந்த ஒரு சத்தியம்தான். அதையும் நீ கேட்டதற்காக அடித்தாள்.

கட்டிலை விட்டு எழக் கூடாது என்று நீ சொன்னதை அவள் அட்சரம் பிசகாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாள். உட்காருவதுகூட எழுந்த கணக்கில் வந்துவிடுமோ என்று உட்காருவதும் இல்லை. ஒருக்களித்துப் படுத்தபடியே கஞ்சி குடிக்கிறாள், பாதி தலையணையில் போகிறது. பெல்ட் ஆணியில் தொங்குகிறது. அந்த வாராந்திர மாத்திரை அட்டையில் ஒன்றுகூடக் குறையவில்லை. ஏன் தெரியுமா? அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும் அல்லது நிற்க வேண்டும். படுத்தால் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும் என்று டாக்டரம்மா கண்டித்துச் சொல்லியிருக்கிறார். படுத்தே கிடப்பவளுக்கு நான் எப்படி அதைக் கொடுப்பேன்? எலும்பைக் காப்பாற்றுகிற மருந்து கைக்கெட்டுகிற அலமாரியில் இருக்கிறது. உன் சத்தியம் குறுக்கே நிற்கிறது.

படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்கப் பஞ்சாயத்திலிருந்து பாலியேட்டிவ் சிஸ்டர் ஒருவர் வீடு வீடாக வருகிறார். முந்தாநாள் அவரும் நானுமாக அவளைப் புரட்டிப் பார்த்தோம். வால் எலும்புக்கு மேலே தோல் செக்கச்செவேலென்று இருக்கிறது. அமுக்கினாலும் சிவப்பு மாறவில்லை. "அப்பா, இது தொடக்கந்தான். இனி தோல் பொட்டிப் புண்ணாகும். நெஞ்சுலயும் சளி கட்டுது. இப்பவே உக்கார வைக்கணும்" என்றார் சிஸ்டர். சத்தியத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் அம்மாவைப் பழையபடி ஒருக்களித்துப் படுக்க வைத்தார். பிறகு, "மகன்கிட்ட நான் பேசட்டா?" என்றார். வேண்டாம், நானே சொல்கிறேன் என்றேன். வெளியே வந்து என்னிடம் தனியாகச் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். உடம்பின் பாரத்தைத் தாங்குகிற எலும்புதான் பலமாக இருக்குமாம். தாங்க வேலையில்லாமல் படுத்துக் கிடந்தால் இருக்கிற கொஞ்சமும் கரைந்துகொண்டே போகுமாம். விழுந்துவிடக் கூடாது என்று நீ அவளைப் படுக்கப் போட்டாய் செந்தில். படுக்கையே அவளை உடையக்கூடியவளாக ஆக்கிக்கொண்டிருக்கிறது. அவள் கெண்டைக்காலை என் ஒரு கைக்குள் பிடித்துவிடலாம் இப்போது.

ஏன் அவளுக்கு இப்படி ஆனது என்று நீ கேட்டாய். நான்தான் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்கிற தொனியில் கேட்டாய். டாக்டரம்மாவும் துருவித் துருவிக் கேட்டார், ஆனால் யாரையும் குற்றம் சொல்வதற்காகக் கேட்கவில்லை. முப்பது வயதைத் தாண்டிய கொஞ்ச நாளில் பெரும்பாடு தாங்காமல் உன் அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்களே, அப்போது முட்டைப்பையையும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள். அதோடு எலும்புக்குக் காவலாக இருந்த சுரப்பும் போய்விட்டதாம். மூச்சிரைப்புக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி வருடக்கணக்காகப் போட்டுக்கொண்ட அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையும் எலும்பை அரிக்கிற ஜாதியாம். இழுப்பு உடனே நிற்கிறதே என்று எல்லோரும்தான் வாங்கினோம். பால் உனக்கு, அவளுக்குப் பால் விடாத கட்டன் டீ. வருடத்தில் பாதி நாள் பனியும் மழையும். வெயில் அடிக்கிற நாளிலும் அவள் தலை முதல் கணுக்கால் வரை துணியும் பிளாஸ்டிக்குமாகச் சுற்றிக்கொண்டுதான் தேயிலைக்குள் நிற்பாள். அவளைப் பெற்றவளும் கடைசிக் காலத்தில் தரையைப் பார்த்தே நடந்தவள். இதில் எதை எடுத்துவிட்டு எதைக் காரணம் என்று சொல்வது? எல்லாம் சேர்ந்து தின்றிருக்கிறது.

இந்தத் தோட்டத்தில் வயதான பொம்பளைகள் முக்கால்வாசிப் பேர் வளைந்துதான் இருக்கிறார்கள். கொழுந்துச் சாக்கு சுமந்த முதுகு அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம். சொல்லப்போனால் அதில் எங்களுக்கு ஒரு பெருமைகூட இருந்தது, நன்றாக உழைத்தவள் என்பதற்கு அதுவே சாட்சி என்று. துணி காயப்போடுகிற கொடிக்கம்பி உயரமாக இருக்கிறது என்று உன் அம்மா சொன்னபோதெல்லாம் நான் கொஞ்சம் இறக்கிக் கட்டிக் கொடுத்தேன். இப்போது அந்தக் கம்பி என் மார்பில் இடிக்கிறது. கம்பி உயரவில்லை, இவள்தான் குறைந்திருக்கிறாள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. நீயும் இவள் படுப்பதற்கு முந்தின தீபாவளிக்கு வந்தபோது அந்தக் கம்பியில் முட்டிக்கொண்டு என்னைத் திட்டினாய். உயரம் குறைந்தால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பது டாக்டரம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். இது வம்சத்தில் தொடருமாம், ஆம்பளைகளையும் விடாதாம். நீ சிகரெட் பிடிப்பதில்லை என்று என்னிடம் சொல்ல வேண்டாம், உன் சட்டையைத் துவைத்துப் போட்டவள் என்னோடுதான் இருக்கிறாள். அதுவும் எலும்பைத் தின்னுமாம், நிறுத்து. வெயில் முகத்தில் படாமல் கம்பெனிக்குள் போய் வெயில் சாய்ந்து வெளியே வருகிற பிழைப்பில் கொஞ்சமாவது நட. பேத்திக்குப் பால் கொடுங்கள். இதையெல்லாம் பிறகு சாவகாசமாகப் பேசுவோம். முதலில் உன் அம்மா.

நான் ஒரு காரியம் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். நேற்று அவளிடம், "செந்திலு போன் பண்ணுனான். சத்தியத்தத் திருப்பி எடுத்துக்கிட்டானாம். ஒன்ன எந்திரிக்கச் சொன்னான்" என்று சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். "அப்படியா? எங்கிட்ட ஏன் பேசல?" என்று கேட்டாள். அப்போது அவள் தூங்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னேன். "நான் எங்கங்க தூங்குறேன்" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க பொய் சொன்னா எனக்குத் தெரியாதா? நான் பாட்டுக்கு எந்திரிச்சு, அங்க அவன் வண்டில போறப்ப ஏதாச்சும் ஆயிருச்சுன்னா? நான் எப்படிங்க உசுரோட இருப்பேன்?" என்றாள். அழுதபோது இருமல் வந்தது, இருமும்போது முதுகு வலித்து, வலியைத் தாங்க முடியாமல் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். சாமி கும்பிட்டேன். உன்னைத் திட்டினேன். அடுப்படிக்குப் போய்ச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றேன். அவள் அந்தக் கட்டிலில் என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று உனக்குப் புரிகிறதா? படுத்திருக்கும் ஒவ்வொரு நாளும் உன்னை உயிரோடு வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். நீ நன்றாக இருக்க வேண்டும் என்று அவள் செத்துக்கொண்டிருக்கிறாள்.

தோட்டம் மூடிக் கிடந்த வருடங்கள் உனக்கு நினைவிருக்கும், காட்டுக் கிழங்கு அவித்துத் தின்றோம். சம்பளம் இல்லாத அந்த நாட்களிலும் நாங்கள் ஃபேக்டரி ஆட்கள் பூட்டைத் திறந்துகொண்டு உள்ளே போய், கொழுந்து கசக்குகிற ரோலரைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவோம். நீகூடக் கேட்டாய், எதற்கப்பா என்று. சும்மா நின்றால் இறுகிவிடும், பிறகு என்ன செய்தாலும் ஓடாது என்றேன். அந்த இரும்புக்குச் செய்ததைக்கூட என் பொண்டாட்டிக்குச் செய்ய முடியாமல் நிற்கிறேன். ஆனாலும் சும்மா இருக்கவில்லை. கட்டிலிலிருந்து பின்வாசல் வரைக்கும், அங்கிருந்து கக்கூஸ் வரைக்கும், சுவரோடு சேர்த்து ஜி.ஐ. பைப் பிடித்து வைத்திருக்கிறேன். அவள் கைக்கு எட்டுகிற உயரம் பார்த்து வைத்தது. நானே தொங்கிப் பார்த்துவிட்டேன், அசையாது. தரையில் வழுக்குகிற பாயை எடுத்துவிட்டேன். வாசலில் பல்பு மாட்டியிருக்கிறேன். அவளுக்கு வழுக்காத செருப்பு வாங்கியிருக்கிறேன், அது கட்டிலுக்கு அடியில் புதுசாகவே கிடக்கிறது. காலையில் பனி ஈரம் பைப்பில் முத்து முத்தாக நிற்கும். நான் தினமும் துடைத்து வைக்கிறேன்.

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. எழுந்து விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதானே? எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. இந்த முறை இடுப்பு உடைந்தால் அவ்வளவுதான் என்று எனக்கும் தெரியும். உன் கம்பெனிக்காரருடைய அப்பாவுக்கு ஆனது வேறு, அவருக்கு நரம்பு நசுங்கியிருக்கும். இவளுக்கு அப்படி இல்லை என்று டாக்டரம்மா காலை ஊசியால் குத்திப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். என்னை நம்ப வேண்டாம். அவருடைய நம்பர் இருக்கிறது, நீயே பேசு. ஆனால் இன்றைக்கே பேசு.

நீ வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. லீவு கிடைக்கும்போது வா. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வீடியோ காலில் கூப்பிடு. நான் எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடிப்பேன். உன் தலை நன்றாகத் தெரிகிற மாதிரி உட்கார். சத்தியத்தை நான் திருப்பி எடுத்துக்கொண்டேன், எனக்கு ஒன்றும் ஆகாது, நீ எழுந்திரு என்று உன் வாயால் சொல்லு. அவள் மறுபடியும் மறுபடியும் கேட்பாள், அலுக்காமல் சொல்லு. அழுதாலும் பரவாயில்லை, போனை மட்டும் வைத்துவிடாதே. எனக்காக இல்லை, அவளுக்காகத்தான் என்கிற மாதிரி மேலே எழுதினேன். அது பொய். எனக்காகவும்தான் கேட்கிறேன். அவள் இல்லாத இந்த அறையில் என்னால் இருக்க முடியாது.

நீ சொன்னதும் பெல்ட்டைக் கட்டிவிடுவேன். ஒருக்களிக்க வைத்து, காலைக் கீழே இறக்கி, மெதுவாக உட்கார வைப்பேன், சிஸ்டர் செய்து காட்டியிருக்கிறார். தலை சுற்றல் நின்ற பிறகுதான் எழுப்புவேன். அவள் ஒரு கை பைப்பில் இருக்கும். நான் அவளுக்கு இந்தப் பக்கம் ஒட்டி நிற்பேன், வழியெல்லாம் ஒட்டியே வருவேன். அப்படியும் விழுந்தால் என் மேல்தான் விழுவாள்.

அப்பா